தொற்றுநோய் பரவும் முறை: பெரியம்மை ஒழிப்பு தரும் விளக்கம்

ஓர் ஊரில் தொற்றுநோய் தோன்றினால் அதனை ஆராயப் புகுவோர் எழுப்பும் வினாக்கள் சிலவே. எவருக்கு வந்தது, எங்கே வந்தது, எப்பொழுது வந்தது, அருகிலிருந்தும் எவருக்கு வரவில்லை என்பனவே அவை. இவற்றுள் இறுதி வினாவே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 12 பேர் நோயுற்றனர் என்னும் செய்தி தனித்து நின்றால் பொருளற்றது. 300 பேர் வாழும் சிற்றூரில் 12 பேர் என்பது நூற்றுக்கு 4 வீதம். 3,000 பேர் வாழும் ஊரில் அதில் பத்தில் ஒரு பங்கே. நோயுற்றோரை எண்ணுபவர் மக்கள்தொகையையும் உடன் குறித்தாலன்றி இரண்டு ஊர்களை ஒப்பிட இயலாது.

இந்நாட்டுப் பெரியம்மை ஒழிப்பு வரலாறு இத்தகைய கணக்குகளின் பயனை நன்கு விளக்குகிறது. வைசூரி என மக்கள் அஞ்சிய இந்நோய் மனிதரிடையே மட்டும் வாழ்ந்தது. விலங்குகளில் அதற்குப் புகலிடமில்லை. கிருமி உடலுட் புகுந்து நோய்க்குறி தோன்றும் வரையுள்ள இடைவெளிக்கு நோயரும்பு காலம் என்று பெயர். பெரியம்மையில் அது ஏறத்தாழ 12 நாட்கள். அந்நாட்களில் அவரிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றுவதில்லை. கொப்புளங்கள் தோன்றும் வேளையிலோ நோயாளி படுக்கையில் வீழ்ந்து விடுவார். எனவே நோய் பெரிதும் அதே கூரையின்கீழ் வாழ்ந்தோரையும், நோயாளியைக் காண வந்தோரையுமே பற்றியது.

பாதுகாப்பற்ற மக்களிடையே ஒரு நோயாளி சராசரியாக ஐவருக்கு நோயைத் தருவதாகக் கொள்வோம். அவ்வைவருள் நால்வர் அம்மை குத்திக்கொண்டு காப்புற்றிருந்தால் நோய் ஒருவரையே அடையும்; அதற்கு மேற்பட்டோர் காப்புற்றிருந்தால் நோய்ச்சங்கிலி தானாகவே அறுந்துபோகும். தட்டம்மை 12 முதல் 18 பேரைப் பற்ற வல்லதாகலின் அதற்கு நூற்றுக்கு 95 பேர் வரை காப்புற்றிருத்தல் வேண்டும்.

இந்தியாவில் 1962இல் தொடங்கிய தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் மக்களுள் 80 வீதத்தினருக்கு அம்மை குத்துவதைக் குறிக்கோளாகக் கொண்டது. பல பகுதிகளில் ஏட்டின்படி அந்த அளவு எட்டப்பட்டது. ஆயினும் நோய் நீங்கவில்லை. கணக்கு பொய்த்ததா? இல்லை; அது சராசரியைப் பற்றியது. எஞ்சிய 20 வீதத்தினர் நாடெங்கும் சீராகப் பரவியிருக்கவில்லை. கூலிவேலைக்கு இடம்பெயர்வோர், நகரின் நடைபாதைவாசிகள், பாதையற்ற குக்கிராமத்தார் எனக் கூட்டங்கூட்டமாக அவர்கள் விடுபட்டிருந்தனர். எளிதிற் கிடைத்த பள்ளிச் சிறார்க்கோ மீண்டும் மீண்டும் அம்மை குத்தப்பட்டது. குத்திய ஊசிகளின் எண்ணிக்கை வேறு, காப்புற்ற மக்களின் எண்ணிக்கை வேறு என்பதை ஏடுகள் காட்டவில்லை.

ஆதலால் முறை மாற்றப்பட்டது. நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ளோர்க்கு உடனே அம்மை குத்துவதே புதிய முறை. 1966இன் இறுதியில் நைஜீரியாவில் வில்லியம் ஃபேகி என்னும் அமெரிக்க மருத்துவர், மருந்து போதாக்குறையின் காரணமாகக் கையாண்ட வழி இது. நோயாளியோடு பழகிய மூன்று நான்கு நாட்களுக்குள் அம்மை குத்தினால் நோய் தடுக்கப்படவோ கடுமை தணியவோ கூடும். நோயரும்பு காலம் நீண்டதாயிருந்ததே இம்முறைக்கு வாய்ப்பளித்தது. நோய்க்குறி தோன்றுமுன்னரே தொற்றவல்ல கொரோனா போன்ற நோய்களுக்கு இதே வேலி போதாமற் போவதன் காரணமும் இதுவே.

1973ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களில் வீடுவீடாகத் தேடல் தொடங்கிற்று. ஊழியர் நோயாளியின் படமுள்ள அட்டையைக் காட்டிச் சந்தைகளிலும் பள்ளிகளிலும் விசாரித்தனர். ஊரில் எவ்வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்பதைப் பெரியோரினும் சிறுவர்களே தயங்காது கூறினர். ஏடுகளில் இடம்பெறாத ஆயிரக்கணக்கான நோயாளிகள் வெளிப்பட்டனர்.

ஈண்டு ஒரு செய்தியைக் களப்பணியாளர் கருத்திற் கொள்ளுதல் நலம். 1973இல் சுமார் 88,000 ஆக இருந்த நோயாளர் தொகை 1974இல் சுமார் 1,88,000 ஆயிற்று. இவ்வேற்றத்தில் ஒரு பகுதி நோயின் பெருக்கம். மற்றொரு பகுதி தேடலின் விளைவு. அதற்கு முன்னர், நோயைத் தெரிவித்த ஊழியரே கண்டிக்கப்பட்டமையால் பலர் தெரிவிக்காது விட்டனர். ஏடு தூய்மையாயிருக்க, நோய் அடுத்த ஊருக்குச் சென்றது. தொகை உயரக் கண்டு, பழையபடி அனைவர்க்கும் அம்மை குத்துவதே மேல் என்ற குரலும் பீகாரில் எழுந்தது. அதற்கு இணங்கியிருந்தால் பணியாளர் நோயாளியின் வீட்டை விட்டு நோயில்லாத ஊர்களுக்குப் போயிருப்பர்.

அவ்வாண்டில் டாட்டாநகர் ஒரு தனிப் பாடமாயிற்று. அத்தொழில் நகரிலிருந்து ரயிலேறிச் சொந்த ஊர் திரும்பிய தொழிலாளர் பலர் நோயரும்பு காலத்தில் இருந்தனர். பயணத்தின்போது அவர்கள் நலமாகவே காணப்பட்டனர்; நோய் ஊரிற் சேர்ந்த பின்னரே வெளிப்பட்டது. எனவே புதிய நோயாளி கிடைத்தவுடன், இரண்டு வாரங்களுக்கு முன் அவர் எங்கிருந்தார் என்று கேட்பது ஊழியரின் முதல் வினாவாயிற்று. நோயாளியின் வீட்டு வாயிலில் இரவும் பகலும் காவலர் அமர்த்தப்பட்டனர். வருவோர் அனைவர்க்கும் அம்மை குத்தப்பட்டது.

1975ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் அஸ்ஸாம் மாநிலத்துக் கரீம்கஞ்ச் நகரில் கண்டறியப்பட்ட பெண்மணியே இந்நாட்டின் இறுதி நோயாளி. வங்கதேசத்தில் அவருக்கு நோய் தொற்றியிருந்தது. ஆயினும் தேடல் நிறுத்தப்படவில்லை. புதிய நோயாளியைக் காட்டுவோர்க்கு 1,000 ரூபாய் பரிசு என்று சுவர்களில் எழுதப்பட்டது. காய்ச்சலுடன் கொப்புளம் கண்ட ஒவ்வொருவரையும் ஊழியர் சென்று பார்த்தனர். சின்னம்மை எனவும் தட்டம்மை எனவும் முடிவு எழுதப்பட்ட அவ்வேடுகளையும் ஆராய்ந்த பின்னரே 1977ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சர்வதேசக் குழுவினர் இந்தியா பெரியம்மையினின்று விடுபட்டதெனச் சான்றளித்தனர்.