கரிசல் வட்டாரத்தில் பழைய இரு வீச்சு பைக்குகளின் கார்புரேட்டர் மாற்றமும் சீரமைப்பும்

காற்றையும் பெட்ரோலையும் தேவையான அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம் கார்புரேட்டர். டூ ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சு பைக்குகளில் இதன் பொறுப்பு இன்னும் பெரிது. இவ்வகை எஞ்சினில் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் வேண்டிய ஆயில் பெட்ரோல் கலவையோடு சேர்ந்தே உள்ளே போகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறும், ஆயில் படலம் மெலியும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை 'சீஸ் ஆவது' என்பார்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பகுதிகளை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தில் தூசியும் வெயிலும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

பின்னணி

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரித்த யமஹா ஆர்எக்ஸ் 100, இவ்வகை வண்டிகளில் இன்றும் அதிகம் பேசப்படுவது. அதன் எஞ்சின் 98 சிசி. ஓசூரில் தயாரான சுசுகி வகை பைக்குகளும், 1980-இல் வந்த டிவிஎஸ் 50 மொபெட்டும் இரு வீச்சு வண்டிகளே. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் இரு வீச்சு பைக்குகளின் தயாரிப்பு படிப்படியாக நின்றது. வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தாலும், அசல் உதிரிபாகங்கள் அரிதாகிவிட்டன.

மாற்றத்தான் வேண்டுமா?

ஐடிலிங் நிற்காமல் ஏறி இறங்குவது, பெட்ரோல் வழிவது, மைலேஜ் குறைவது ஆகியவற்றைக் கண்டதும் கார்புரேட்டரையே மாற்றிவிடுவது வழக்கம். ஆனால் ஜெட் அடைப்பு, ஃப்ளோட் ஊசியின் தேய்மானம், கேஸ்கட் கசிவு ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்து, பழுதுநீக்கும் கிட் ஒன்றைப் போட்டாலே பல கார்புரேட்டர்கள் மீண்டுவிடும்.

மாற்றியே ஆக வேண்டிய நிலை இரண்டு. முதலாவது, ஸ்லைடு மேலும் கீழும் ஓடும் அறை தேய்ந்து, விரலால் ஆட்டினால் ஸ்லைடு கடகடவென ஆடுவது. அந்த இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று உள்ளே புகும். இரண்டாவது, பாடியில் விரிசல் விடுவது அல்லது மரை அழிந்துபோவது.

மாற்றுப் பாகத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் சென்னையின் யூகால் நிறுவனம் தயாரித்த கார்புரேட்டர்கள் பல இரு வீச்சு வண்டிகளில் பொருத்தப்பட்டன. பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளின் இருப்பிலும், சென்னை புதுப்பேட்டை போன்ற பயன்படுத்திய உதிரிபாகச் சந்தைகளிலும் இவை கிடைப்பதுண்டு. தோற்றத்தில் அச்சாக அதேபோல இருக்கும் நகல்களும் விற்பனைக்கு வருகின்றன. ஆகவே தோற்றத்தை நம்பாமல் பின்வருவனவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

- காற்றுப் பாதையின் விட்டம். 20 மி.மீ. இருந்த இடத்தில் 24 மி.மீ. போட்டால் வேகம் கூடிவிடும் என்பது தவறான எண்ணம். குறைந்த வேகத்தில் காற்றோட்டம் தளர்ந்து இழுவை கெடும்.
- எஞ்சினுடன் சேரும் முறை. போல்ட் துளைகளின் இடைவெளி அல்லது கிளாம்ப் பிடிக்கும் கழுத்தின் அளவு.
- ஏர் ஃபில்டர் பூட் சேரும் பக்கத்தின் வெளி விட்டம்.
- மெயின் ஜெட், பைலட் ஜெட் ஆகியவற்றின் எண்கள், நீடிலில் பொறித்த குறி, ஸ்லைடின் வெட்டு அளவு.

கடைசியில் உள்ளவையே கலவையைத் தீர்மானிக்கின்றன. நகல் கார்புரேட்டரில் வரும் ஜெட்டுகள் வேறு எஞ்சினுக்கு உரியவையாக இருக்கக்கூடும். மரை பொருந்தினால், பழைய கார்புரேட்டரின் அசல் மெயின் ஜெட்டையும் பைலட் ஜெட்டையும் புதியதற்கு மாற்றிக்கொள்வது நல்லது. நீடிலும் நீடில் ஜெட்டும் ஒன்றோடொன்று உரசித் தேய்பவை என்பதால், அவற்றை ஜோடியாகப் புதிதாகவே போட வேண்டும்.

கரிசல் தூசி செய்யும் மாயம்

கரிசல் மண் மிக நுண்ணிய களிமண் துகள்களால் ஆனது. மழையில் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் இம்மண், கோடையில் வண்டித்தடங்களில் மாவாகப் பறக்கும். ஏர் ஃபில்டரில் இத்தூசி படிந்தால் காற்று குறைந்து, கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். வண்டி கரும்புகை விடும், பிளக் கறுக்கும், இழுவை மந்தமாகும்.

இந்த நிலையில் ஃபில்டரைப் பார்க்காமல் ஜெட்டைச் சிறிதாக்கினாலோ நீடிலைத் தாழ்த்தினாலோ வண்டி அப்போதைக்கு நன்றாக ஓடும். சில வாரம் கழித்து யாராவது ஃபில்டரைக் கழுவி மாட்டினால் முழுக் காற்றும் உள்ளே வரும், ஆனால் பெட்ரோல் குறைத்த அளவிலேயே இருக்கும். அடுத்த நீண்ட ஓட்டத்தில் எஞ்சின் சீஸ் ஆகலாம். கடுமையாக சீஸ் ஆனால் சிலிண்டரை லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, 0.25 மி.மீ. பெரிய பிஸ்டனோ அதற்கும் அடுத்த அளவோ போட வேண்டியிருக்கும். அத்தகைய அளவுகள் சிலவே உள்ளதால், ஒவ்வொரு ரீபோரும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கைக் கழிக்கிறது.

எனவே ஃபில்டரைச் சுத்தம் செய்த பிறகே கார்புரேட்டரைத் தொட வேண்டும். ஃபோம் ஃபில்டரை சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். சத்தத்துக்காக ஃபில்டரைக் கழற்றி ஓட்டினால் கலவை மெலிவதோடு, தூசி சிலிண்டரையும் அரித்துவிடும்.

சீரமைக்கும் வரிசை

1. மானிஃபோல்டு ரப்பரிலும் கேஸ்கட்டிலும் கசிவு இல்லை என உறுதி செய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தால் ஓட்டச் சத்தம் மாறுமானால், அங்கே காற்று புகுகிறது.
2. ஃப்ளோட் உயரத்தை அந்த மாடலுக்கு உரிய அளவில் வைக்க வேண்டும்.
3. எஞ்சினை நன்கு சூடேற்றிய பின் ஏர் ஸ்குரூவை மெதுவாக முழுவதும் மூடி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று திறக்க வேண்டும். அங்கிருந்து சிறிது சிறிதாகத் திருப்பி, எஞ்சின் சீராகவும் வேகமாகவும் ஓடும் இடத்தில் நிறுத்தி, ஐடிலிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இவ்வகையில் ஏர் ஸ்குரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோலின் பங்கு கூடும்.
4. கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரையான திராட்டிலை நீடில் ஆள்கிறது. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும்.
5. முழு திராட்டிலை மெயின் ஜெட் ஆள்கிறது. அசல் எண் தெரியாவிட்டால் பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு.

மெயின் ஜெட் சரியா என்பதை பிளக் சொல்லும். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் சிறிது தூரம் முழு திராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடி எஞ்சினை நிறுத்தி, வண்டி நின்றதும் சூடு ஆறவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காப்பித்தூள் நிறம் சரியானது. ஈரக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, வண்டியை அப்படியே ஓட்டக் கூடாது.

ஆயில் பம்பு

ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் ஆயிலுக்குத் தனி டேங்கும் பம்பும் உண்டு. திராட்டில் கேபிள் இரண்டாகப் பிரிந்து கார்புரேட்டரையும் பம்பையும் சேர்த்தே இழுக்கிறது. கார்புரேட்டரை மாற்றியதும் பம்பிலுள்ள குறிகள் நேராக வருகின்றனவா எனப் பார்க்காமல் விட்டால், கலவை சரியாக இருந்தும் ஆயில் குறைந்து எஞ்சின் சீஸ் ஆகலாம். பம்பு இல்லாத வண்டிகளில் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்ற விகிதத்தில் அது லிட்டருக்கு 20 மி.லி. ஆகும்.

பருவமும் எரிபொருளும்

வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. சித்திரை வெயிலில் இம்மி பிசகாமல் மெலிதாக வைத்த கலவை, மார்கழி விடியலின் குளிர்ந்த காற்றில் மேலும் மெலியும். ஆனி, ஆடி மாதங்களில் கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்றை எதிர்த்து நெடுந்தூரம் முழு திராட்டிலில் ஓட்டுவதும் எஞ்சினுக்குக் கடும் சுமை. பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதுவும் அதே ஜெட்டில் கலவையை மெலிதாக்கும். பழைய ரப்பர் பாகங்களையும் அது உப்பச் செய்யும். இக்காரணங்களால் பழைய இரு வீச்சு வண்டியின் கலவையைச் சற்றுப் பெட்ரோல் கூடுதலாகவே வைப்பது நல்லது. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைந்தாலும் சிலிண்டர் தப்பும்.