கைப்பணமின்றிக் கல்லூரி வாசலில்

மேல்நிலைப் பள்ளித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில், பிள்ளை தேறிவிட்டான் என்னும் மகிழ்ச்சி ஒரு நாள் நீடிக்கிறது. மறுநாள் காலை எழும் கேள்வி, "கல்லூரிக்குப் பணம் எங்கே?" என்பதுதான். வசதி படைத்த இல்லங்களில் இக்கேள்விக்குத் தந்தையே விடை சொல்லிவிடுகிறார். விடை சொல்ல இயலாத தந்தையின் பிள்ளைகளை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காவிரியின் கரையில், ஈரோட்டுக்கு நேர் எதிரே அமைந்துள்ள பள்ளிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். காகித ஆலையாலும் விசைத்தறிகளாலும் பெயர் பெற்ற ஊர் இது. கணவனும் மனைவியும் மாறி மாறித் தறியில் நின்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையிலுள்ள குடும்பங்கள் இங்கே பல. திருமணம், மருத்துவம், வீட்டு வாடகை என எது வந்தாலும் தறி உரிமையாளரிடம் முன்பணம் வாங்குவது இவ்வட்டாரத்தில் நெடுநாளைய வழக்கம். முன்பணம் தீரும்வரை வேறு தறிக்குச் செல்ல இயலாது. அது தீர்வதற்குள் அடுத்த செலவு வந்துவிடும்.

இக்கடன் எத்துணைக் கொடியது என்பதை நாடே அறிய நேர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலையில், பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்கள் சிலர், வறுமையாலும் கடன் நெருக்கடியாலும் தரகர்களின் வலையில் வீழ்ந்து, தம் சிறுநீரகத்தையே விற்றனர் என்ற செய்தி வெளிவந்தது. தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. உயர்நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக்கு ஆணையிட்டது. உடலின் உறுப்பை விற்றுக் கடனை அடைக்க முயலும் ஊரில், பிள்ளையின் கல்லூரிச் செலவுக்காக மேலும் ஒரு முன்பணம் வாங்குவது அறிவுடைமையாகுமா? இதுவே நம் முன் உள்ள வினா.

அக்கரையில் பிறந்தவர்

பள்ளிபாளையத்தினின்று பாலத்தைக் கடந்தால் ஈரோடு. கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் நாள் அங்கே பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அவருடைய தந்தை ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. மகனைக் கல்லூரியில் படிக்க வைக்கும் வசதி அவருக்கு இல்லை.

1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் இராமானுஜன் சேர்ந்தது உதவித்தொகையின் துணையால்தான். கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் தேர்வில் தவறினார், உதவித்தொகை நின்றது. அத்தோடு படிப்பும் நின்றது. மனம் உடைந்து, வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் முயன்றார். அங்கும் பட்டம் கிட்டவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிய பிறகே, வயிற்றுக் கவலையின்றிக் கணிதம் செய்யும் வாழ்வு அவருக்கு வாய்த்தது.

இவ்வரலாற்றில் நாம் காணும் பாடங்கள் இரண்டு. உதவித்தொகை ஓர் ஏழை மாணவனின் வாழ்வையே மாற்றவல்லது என்பது ஒன்று. அதனைப் பெறுவதைக் காட்டிலும் காத்துக்கொள்வது கடினம் என்பது மற்றொன்று. விருப்பமில்லாத பாடமாயினும் தேறியே ஆகவேண்டும். இராமானுஜனுக்குப் பின்னாளில் கைகொடுக்கப் பெரியோர் பலர் முன்வந்தனர். எல்லா மாணவருக்கும் அவ்வாறு வாய்க்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

தமக்கையின் வளையல்கள்

இன்னொருவர் இராமேசுவரத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே செய்தித்தாள் விநியோகித்துச் சிறு வருவாய் ஈட்டியவர். திருச்சிராப்பள்ளியில் இயேசு சபையார் நடத்தும் தூய வளனார் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர். அவரே முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம்.

சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் வேண்டும். அக்காலத்தில் அவருடைய தந்தைக்கு அது எட்டாத தொகை. தமக்கை சோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அந்நகைகளைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தாலேயே மீட்பது என்று உறுதிபூண்ட கலாம், கடுமையாகப் படித்து உதவித்தொகை பெறுவதே அதற்கு வழியெனக் கண்டார். தமக்கை வைத்த நம்பிக்கையை அவர் கடனாகக் கருதினார். பிறர் தியாகத்தில் படிக்கும் பிள்ளை ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.

திருப்பித் தர வேண்டாத பணம்

இனி நடைமுறைக்கு வருவோம். பணம் தேடும் மாணவன், திருப்பித் தர வேண்டாத பணத்தை முதலில் தேட வேண்டும். நம் மக்களிற் பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, முதலில் கடன் வாங்கிவிட்டுப் பிறகு உதவித்தொகையைப் பற்றி விசாரிக்கின்றனர்.

அரசுக் கலைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. குமாரபாளையத்திலும் நாமக்கல்லிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. வீட்டிலிருந்து சென்று வரக்கூடிய கல்லூரியைத் தேர்ந்தால், விடுதிச் செலவு முழுவதும் மிஞ்சும்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பயிலும் பிள்ளைக்கு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே தொழிற்கல்வியில் சேரும்போது, கல்விக் கட்டணச் சலுகை அளிக்கும் திட்டம் 2010ஆம் ஆண்டு வந்தது. இதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்றியமையாதது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றிலும் இது நடைமுறைக்கு வந்தது. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என 2021இல் அறிவிக்கப்பட்டது.

மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் மாணவியருக்காக 2022 செப்டம்பரிலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் மாணவருக்காக 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான உதவித்தொகை, கிறிஸ்தவ மதம் தழுவிய ஆதிதிராவிட மாணவருக்கும் தமிழகத்தில் உண்டு. திருமுழுக்குப் பெற்றதால் உரிமை போயிற்று எனத் தவறாக எண்ணி விண்ணப்பியாமல் விடுவோர் இதனைக் கவனிப்பாராக. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் உதவித்தொகைகளும் அரசு விடுதிகளும் இருக்கின்றன.

விதிகளும் வருமான வரம்புகளும் மாறக்கூடியவை. ஆதலால், சேரும் ஆண்டில் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிவது நன்று. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகிய நான்கையும் தேர்வு முடிவு வருமுன்னரே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். கடைசி நாளில் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வாய்ப்பிழப்போர் தொகை சிறிதன்று.

வங்கிக் கடனும் வட்டிக் கடனும்

உதவித்தொகை போதாதபோது வங்கிக் கல்விக் கடனை நாடலாம். பொதுவாக 4 லட்சம் ரூபாய்வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. குறிப்பிட்ட உயர்தர நிறுவனங்களில் இடம் பெற்றோர், பிணையும் ஜாமீனும் இன்றிக் கடன் பெற, பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டியென்றால், ஓராண்டு வட்டி 10,000 ரூபாய். அதே பணத்தைத் தெருவில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால், அம்மூன்று ரூபாய் மாதந்தோறும் கட்ட வேண்டியது. ஓராண்டில் 36,000 ரூபாய்! மூன்றாண்டுப் படிப்பு முடியுமுன்னே வட்டி முதலை விழுங்கிவிடும்.

தறி முன்பணமோ இதனினும் சிக்கலானது. அங்கே ஈடாக நிற்பது மனிதனின் உழைப்பு. தங்கை படிப்பதற்காக அண்ணன் முன்பணம் பெற்றுத் தறிக்குச் சென்றால், ஒரு பிள்ளை வெளியேறிய கதவின் வழியே மற்றொரு பிள்ளை உள்ளே நுழைகிறது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குச் செல்லவிடாமல் கட்டிப்போடுவதை, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. அளவு மீறிய வட்டியை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. எனினும், அக்கடனை வாங்காதிருப்பதே மேலான பாதுகாப்பு.

வங்கிக் கடனும் கடன்தான் என்பதை மறவாதீர்கள். தவணை இல்லாத காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். முடிந்தால் அவ்வட்டியை அவ்வப்போது செலுத்திவருவது நன்று. படிப்பு முடிந்தபின் கிடைக்கக்கூடிய சம்பளத்துக்குத் தக்க அளவே கடன் பெறுங்கள். எவ்விதமேனும் ஒரு பொறியியல் இடம் வேண்டுமென்று பெருந்தொகை கட்டுவதைக் காட்டிலும், அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் நன்கு படித்துத் தேறுவது பல வேளைகளில் சிறந்தது.

உழைத்துக்கொண்டே படித்தல்

மாணவன் தானும் சிறிது ஈட்டலாமா? ஈட்டலாம். சிறு பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி அளித்தல், கடைகளில் கணக்கெழுதுதல், விடுமுறை நாட்களில் வேலை செய்தல் ஆகியவை இழிவானவை அல்ல. அப்பணம் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் உதவும். ஆனால் இரவு முழுவதும் தறியில் நின்றுவிட்டுக் காலையில் வகுப்பில் அமர்பவன் எதைக் கற்பான்? வருகைப் பதிவு குறைந்தால் தேர்வெழுத இயலாது. தேர்வில் தவறினால் உதவித்தொகைக்கும் இடர் நேரும். இராமானுஜனுக்கு நேர்ந்ததை மீண்டும் நினைவு கூர்வோம். முழுநேர வேலையை விட முடியாதவர்கள், 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் வழியே பயிலலாம். காலம் சற்றுக் கூடினும் அதுவும் பட்டமே.

பெற்றோருக்கும் பங்கு மக்களுக்கும்

"எங்களிடம் பணம் இல்லையே, நாங்கள் என்ன தர முடியும்?" என்று பெற்றோர் வருந்துகின்றனர். வருந்த வேண்டாம். கல்விக் கடன் மனுவில் இணைக்கடனாளியாகப் பெற்றோரின் கையொப்பத்தையே வங்கி பெரும்பாலும் கேட்கிறது. வருமானச் சான்றுக்காக ஒரு நாள் கூலியை இழந்து நீங்கள் அலுவலகம் செல்லும்போது, அதுவும் கல்விக்குக் கொடுத்த பணமே. எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்னும் மூன்று ஆண்டுகள் உன் சம்பளம் இல்லாமல் நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம்" என்று நீங்கள் சொல்லும் சொல் இருக்கிறதே, அதற்கு ஈடான உதவித்தொகை வேறில்லை. மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும் அதைச் சொல்லுங்கள்.

நம் பங்குகளில் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பணி ஓய்வு பெற்றோர் பலர் உளர். மே, ஜூன் மாதங்களில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் கோயில் வளாகத்தில் அமர்ந்து, விண்ணப்பங்களை நிரப்ப உதவினால் அதற்கு ஆகும் செலவு என்ன? உண்டியலில் இடும் காணிக்கைக்கு அது சிறிதும் குறைந்ததன்று.

கையில் பணமின்றிக் கல்லூரி வாசலில் நிற்கும் மாணவ மாணவியரே! அங்கே நிற்பதற்கு வெட்கப்பட வேண்டாம். வறுமை உங்கள் குற்றமன்று. உரிமையுள்ள உதவியைக் கேட்டுப் பெறுங்கள். கடன் பட நேரின், கணக்குப் பார்த்து வங்கியில் படுங்கள். உங்கள் பட்டத்தின் பொருட்டு உங்கள் வீட்டில் இன்னொருவர் தறியோடு கட்டுண்டு கிடக்க இடம் கொடாதீர்கள். படித்து முன்னேறிய பின், இவ்வாசலில் அடுத்து வந்து நிற்கும் பிள்ளைக்கு ஒரு விண்ணப்பத்தையாவது நிரப்பிக் கொடுங்கள்.