திருவாமாத்தூர்

விழுப்புரத்தையடுத்துப் பம்பையாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் திருவாமாத்தூர். 'ஆ' என்பது பசு. பசுக்கள் இறைவனை வழிபட்டுக் கொம்பு பெற்ற தலம் இஃதென்பர். தேவார மூவரும் பாடிய அபிராமேசுவரர் கோயிலும், முத்தாம்பிகை கோயிலும் எதிரெதிரே நிற்கின்றன. இங்குள்ள வட்டப்பாறையின்முன் பொய்ச்சத்தியஞ் செய்ய எவரும் அஞ்சுவர்.

இத்தலத்திற்குக் கலம்பகம் பாடியோர் இரட்டைப் புலவர். ஒருவருக்குக் கண்ணில்லை, மற்றவருக்குக் கால் விளங்காது. கண்ணில்லாதவர் சுமந்து நடக்க, தோள்மேலிருந்தவர் வழி காட்டுவார். செய்யுளையும் அவ்வாறே ஒருவர் தொடங்க, மற்றவர் முடிப்பர். கோயில் ஆற்றின் மேற்கரையில் உள்ளதென அவர்கள் பாடினர். கீழ்கரையிலன்றோ உள்ளது என்று கேட்டோர் குறை கூறினர். அன்றிரவே வெள்ளம் பெருகி ஆறு திசைமாறிற்றாம்! பம்பை என்றோ இடம்பெயர்ந்த செய்தியே இக்கதையாயிற்றோ என எண்ணவும் இடமுண்டு.

புலவர்தம் வரலாறுகளைப் 'புலவர் புராணம்' எனப் பாடிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள், இவ்வூரிலே கௌமார மடம் நிறுவி, 1898-இல் இங்கேயே சமாதியடைந்தார்.