பழைய படகை வாங்குமுன்

திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணக் கடற்கரையில், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் அருகி, மீனவர் ‘ஃபைபர் படகு’ என வழங்கும் கண்ணாடியிழைப் படகுகள் மிகுந்தன. அவற்றுள் பழையதொன்றை வாங்குவோர் புது வண்ணப்பூச்சைக் கண்டு மயங்கலாகாது.

கொட்டாப்புளியால் அடிப்புறமெங்கும் மெல்லத் தட்டுதல் வேண்டும். கணீரென ஒலிப்பின் நலம். மந்தமாக ஒலிப்பின் உள்ளடுக்குகள் பிரிந்தோ நீரூறியோ இருத்தல் கூடும். மேற்பரப்பில் தோன்றும் கொப்புளங்களும் நீர் உட்புகுந்தமைக்கு அறிகுறியே. எஞ்சின் பொருத்தும் பின்பலகையைச் சிறப்பாக நோக்குக. அதன் விரிசல் வழியே நீர் புகின், உள்ளிருக்கும் மரம் மக்கிவிடும். அலைகளுக்கிடையே எஞ்சின் கழன்று வீழவும் கூடும்.

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பெற்ற பதிவெண்ணும் படகில் எழுதிய எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும்.

கரையில் செலவிடும் ஒரு நாழிகை, கடலில் நால்வர் உயிரைக் காக்குமன்றோ!