மின்சாரத் தீவன வெட்டு யந்திரமும் அதன் பராமரிப்பும்

சோளத்தட்டையை முழுதாகப் போட்டால் மாடுகள் தோகையைத் தின்று, அடித்தண்டைக் கழித்துவிடும். 1/2 அங்குலம் முதல் 1 அங்குல நீளமாக நறுக்கிப் போட்டால் இக்கழிவு வெகுவாகக் குறையும். இதன்பொருட்டு மின்சாரத்தால் ஓடும் தீவன வெட்டு யந்திரத்தைப் பல விவசாயிகள் உபயோகிக்கின்றனர். ஆனால் அதன் பராமரிப்பை அறியாமையால் யந்திரம் பழுதாவதுடன், அடைப்பெடுக்கப் போய் விரல்களை இழந்தவர்களும் உண்டு.

அமைப்பு.—பல்லுள்ள இரண்டு உருளைகள் தட்டையைப் பற்றி உள்ளே இழுக்கும். பெரிய சக்கரத்தில் பொருத்திய கத்திகள், வாயிலுள்ள அசையாத இரும்புத் தகட்டை ஒட்டிச் சென்று, கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப்போல் அதனை வெட்டும். ஆகவே கத்தியின் கூர்மையும், கத்திக்கும் தகட்டிற்குமுள்ள இடைவெளியுமே முக்கியமானவை.

கத்திகள்.—சரிவான பக்கத்தை மட்டுமே சாணை பிடிக்கவேண்டும். தட்டையான பக்கத்தைத் தேய்க்கலாகாது. சாணையில் அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் கெடும். அடிக்கடி நீரில் நனைத்துக் கொள்ளவேண்டும். ஒரு கத்தியை மாற்றினால் மற்றவற்றையும் சேர்த்தே மாற்றுவது நலம். எடை வேறுபட்டால் சக்கரம் அதிரும். கத்தி, தகட்டில் உராயாமலும் மிக நெருங்கியும் செல்லவேண்டும். தகட்டின்மேல் வைத்த காகிதத்தை, கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது, கத்தி இருமுனையிலும் சுத்தமாக வெட்டினால் இடைவெளி சரியெனக் கொள்ளலாம்.

கோளாறுகளும் பரிகாரமும்.—தட்டை வெட்டுப்படாமல் மடிந்து வந்தால், கத்தி மழுங்கியிருக்கும், அல்லது இடைவெளி அகன்றிருக்கும். உருளை இழுக்காவிடில், சுருள்வில் தளர்ந்திருக்கிறதா, ஈரத்தீவனம் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வார் வழுக்கித் தீய்ந்த நாற்றம் வீசினால், அதைத் தக்கபடி இறுக்கி, எண்ணெய்ப் பசையைத் துடைக்கவேண்டும். அதிர்ச்சி கண்டால் கத்தியின் போல்ட்டுகளை உடனே சோதிக்கவேண்டும். மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே நிறுத்திவிடவேண்டும். இல்லையேல் கம்பிச்சுருள் கருகும். ஒற்றை பேஸ் மோட்டாரில் கண்டென்ஸர் பழுதோ, மூன்று பேஸ் மோட்டாரில் ஒரு பேஸ் இன்மையோ, இரண்டிலும் சக்கரத்தில் அடைப்போ காரணமாகலாம். மின்சாரப் பகுதியைப் பயிற்சி பெற்றவரே திறக்கவேண்டும்.

எச்சரிக்கை.—சுவிட்சை அணைத்தவுடன் சக்கரம் நிற்பதில்லை. தன் கனத்தால் மேலும் சிறிதுநேரம் சுழலும். அது முற்றும் நிற்குமுன் வாயில் கையிடலாகாது. மின்சாரம் தடைப்பட்ட வேளையில் சுவிட்சை அணைக்காமல் அடைப்பெடுப்பது பெருந்தவறு. மின்சாரம் மீண்டவுடன் யந்திரம் தானே ஓடத் தொடங்கும். பிளக்கைக் கழற்றியோ, மெயின் சுவிட்சை அணைத்தோ, பின்னர் மரக்கட்டையால் சக்கரத்தைத் தடுத்தே வேலைசெய்ய வேண்டும். தீவனத்தையும் கையால் உருளைவரை தள்ளாமல், நீண்ட தொட்டியின் மூலமே செலுத்தவேண்டும். தொங்கும் துணியும் வளையலும் ஆகா. சிறுவரை அருகில் விடலாகாது.

மோட்டாரின் இரும்புக்கூட்டிற்கு எர்த் கம்பி அவசியம். கிராமத்தில் பொதுவாக நடத்தும் யந்திரங்களில் எர்த் கம்பியும், சக்கரத்தின் மூடியும், வாரின் மூடியும் உரிய இடத்தில் உள்ளனவா என்று கிராம அதிகாரிகள் அவ்வப்போது கவனித்தல் நலம். மழுங்கிய கத்தியைச் சாணையால் சீர்செய்யலாம். இழந்த விரலுக்குப் பரிகாரமில்லை.