மூக்கில் அடிக்கும் ஹார்மோனும் வைக்கோல் கன்றும்

நெமிலியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மகனுக்கு 14 வயது, ஆட்டிசம் இருக்கிறது. ‘அன்பு ஹார்மோன்’ ஸ்பிரேயை மூக்கில் அடித்தால் எல்லாரோடும் பழகுவான் என்று வீடியோவில் சொல்கிறார்கள். வாங்கலாமா சார்?”

அவர்கள் சொல்வது ஆக்சிடோசின். கறவை மாடு வைத்திருப்பவர்கள் கேள்விப்பட்ட பெயர்தான். பாலை அடக்கும் மாட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே ஊசி. மாட்டுக்கும் மனிதருக்கும் 9 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மூலக்கூறு.

ஊசி வராத காலத்தில், கன்று செத்துப்போனால் தோலை உரித்து வைக்கோல் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு முகர்ந்து பார்த்து நக்கத் தொடங்கும். அந்தச் சேதி மூளைக்குப் போனதும் பிட்யூட்டரியின் பின்பகுதி ஆக்சிடோசினை ரத்தத்தில் விடும். அது மடிக்கு வந்து, பால் நிறைந்த நுண்ணறைகளைச் சுற்றியுள்ள செல்களைச் சுருங்க வைக்கும், பால் இறங்கிவிடும். நாக்கில் பட்டது செத்த தோல், மடியில் இறங்குவது நிஜப் பால்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. ரத்தத்தில் இந்த ஹார்மோன் சில நிமிடங்களே தங்கும். பால் கறக்க அது போதும். பதினான்கு வயதுப் பையனுக்கு நண்பர்கள் கிடைக்க?

வரலாறு சுருக்கமாக: 1953இல் வின்சென்ட் டு விக்னோ இதை ஆய்வகத்தில் உருவாக்கி, 1955இல் நோபல் பெற்றார். 2005இல், இதை மூக்கில் அடித்துக்கொண்டவர்கள் பிறரைக் கூடுதலாக நம்பினார்கள் என்றொரு ஆய்வு வந்ததும் பத்திரிகைகள் குதித்தன. 2010இல் ஆட்டிசம் உள்ள 16 பையன்களிடம் ஒரே ஒரு வேளை மருந்து தந்து பார்த்தார்கள். கண்களின் படத்தைப் பார்த்து மனநிலையை ஊகிப்பதில் சற்றுத் தேறினார்கள். பதினாறே பேர்!

பெரிய சோதனை 2021இல்தான் வெளியானது. அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரை 290 பேர், 24 வாரங்கள். ஒரு பாதிக்கு ஆக்சிடோசின், மறு பாதிக்கு மருந்தே இல்லாத ஸ்பிரே. பிறரிடமிருந்து ஒதுங்குவதை அளக்கும் மதிப்பெண் மருந்துக்காரர்களிடம் 3.7 குறைந்தது, வெறும் ஸ்பிரேக்காரர்களிடம் 3.5. வித்தியாசம் ஒன்றுமில்லை.

அந்த வெறும் ஸ்பிரேதான் வைக்கோல் கன்று. மதிப்பெண் போட்டவர்கள் பிள்ளைகளை வீட்டில் கவனித்துக்கொள்பவர்கள். ஆசையோடு பார்ப்பவர் கண்ணுக்குப் பிள்ளையின் ஒரு சிரிப்பும் மருந்தின் பலனாகத் தெரியும். பெற்றோரைப் பசுவாக்கிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள்; அவர்கள் இடத்தில் நானும் நக்கித்தான் பார்த்திருப்பேன்.

ஆகவே, வாங்காதீர்கள் சார். மாட்டு ஊசி மருந்தை வைத்துச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம். அந்தப் பணம் வேலூர் சி.எம்.சி.யின் குழந்தை மனநலப் பிரிவுக்குப் போய்வரும் பஸ் செலவுக்கு ஆகும்.