கொதிநீர்க் குழாய் வாங்கத் தகுந்ததா?

நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் பல சமையலறைகளில் இன்று ஒரு புதுவகைக் குழாயைக் காணலாம். கைப்பிடியை அழுத்தித் திருகினால் கொதிக்கும் நீர் ஆவி பறக்கக் கொட்டும். தேநீருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மின்சாரமும் மிச்சமாகும் என்று விற்பவர்கள் கூறுவதுண்டு. இது உண்மைதானா? பள்ளியில் கற்கும் வெப்பவியலைக் கொண்டே விடை காண முயல்வோம்.

குழாய் இயங்கும் விதம்

1970இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி பெட்டெரி என்பவருக்கு இந்த எண்ணம் தோன்றியது. அப்போது அவர் யூனிலீவர் நிறுவனத்தில், வெந்நீர் ஊற்றியதும் தயாராகிவிடும் சூப்பை உருவாக்கும் பணியில் இருந்தார். சூப் நொடியில் தயாராகலாம். அதற்கான வெந்நீர் நொடியில் கிடைப்பதில்லையே!

அவருடைய குழாயில், கழுவுதொட்டியின் அடியில் மூடிய சிறு கலம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள நீர் எப்போதும் சுமார் 108° செ. வெப்பநிலையில் வைக்கப்படுகிறது. 100° செ.இல் அது ஏன் கொதிப்பதில்லை? கலத்தினுள் அழுத்தம் மிகுதி. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் உயரும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே. குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது. நீர் 100° செ.க்கு இறங்குகிறது. அப்போது விடுபடும் வெப்பம், லிட்டருக்குச் சுமார் 15 கிராம் நீரை ஆவியாக்குகிறது. நீர் சீறிக்கொண்டு வருவது இதனால்தான். கலத்தின் இரட்டைச் சுவர்களுக்கு இடையே, தெர்மாஸ் பிளாஸ்க்கில் உள்ளதுபோல், வெற்றிடம் உண்டு. எல்லா வகைகளும் இப்படியல்ல. சிலவற்றில் நீர் 100° செ.க்குச் சற்றுக் குறைவாகவே வைக்கப்படுகிறது.

மின்சாரக் கணக்கு

ஒரு லிட்டர் நீரை 15°இலிருந்து 100° செ.க்குச் சூடாக்க 85 × 4.2 = 357 கிலோ ஜூல் வெப்பம் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோ ஜூல். ஆகவே, லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 யூனிட் வேண்டும். மின்கெட்டிலானாலும் குழாயானாலும் இந்த அளவை எவராலும் குறைக்க முடியாது. வேறுபாடு, வீணாகும் வெப்பத்தில்தான் இருக்கிறது.

கெட்டிலில் 15 விழுக்காடு மின்சாரம் வீணாகிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு 5 லிட்டர் காய்ச்சும் குடும்பத்துக்கு இழப்பு 0.1 யூனிட்டுக்கும் குறைவே. குழாயிலோ, நாம் உறங்கும்போதும் கலத்திலிருந்து வெப்பம் கசிகிறது. நல்ல கலத்திலும் அதை ஈடுசெய்யச் சுமார் 10 வாட் வேண்டும். ஒரு நாளைக்கு இது 0.24 யூனிட், அதாவது 2.4 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம்! ஆகவே, அளவாக நீர் ஊற்றுபவருக்குக் கெட்டிலே சிக்கனமானது. நாள்தோறும் ஒன்றரை லிட்டருக்கு மேல் வீணாகக் காய்ச்சி ஆறவிடும் வீட்டில்தான் குழாய் சற்றே முந்தும்.

விலைக் கணக்கு

இந்தக் குடும்பத்தின் கெட்டிலுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 220 யூனிட் செலவாகும். யூனிட் 25 பென்ஸ் எனக் கொண்டால், 55 பவுண்டு. குழாயின் விலை 1,000 பவுண்டு என வைத்துக்கொள்வோம். அது மின்சாரமே இல்லாமல் ஓடினால்கூடப் போட்ட முதல் திரும்ப 18 ஆண்டுகள் ஆகும்! லண்டன் போன்ற கடினநீர்ப் பகுதிகளில் சுண்ணாம்புப் படிவைத் தடுக்கும் வடிகட்டிச் செலவு வேறு.

அப்படியானால் இதை வாங்குவது வீண்தானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கலத்தின் இழப்பு 5 லிட்டர் எடுத்தாலும் 50 லிட்டர் எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றே. பலர் அடிக்கடி தேநீர் அருந்தும் அலுவலகத்தில் இவ்விழப்பு பங்கிடப்பட்டு அற்பமாகிவிடும். காத்திருக்கும் நேரமும் மிச்சமாகும். கைநடுக்கம் உள்ள முதியோர் நிறைந்த கெட்டிலைத் தூக்க வேண்டியதில்லை. ஆனால், சிறுவர் உள்ள வீட்டில் குழாயின் பாதுகாப்புப் பூட்டைச் சோதித்தே வாங்க வேண்டும்.

3 கிலோவாட் கெட்டில் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க எடுக்கும் நேரம் இரண்டரை நிமிடத்துக்குள்தான். குழாய் வாங்குபவர் விலை கொடுப்பது அந்த இரண்டரை நிமிடத்துக்கு. மின்சாரச் சிக்கனத்துக்கு அன்று. அந்த நேரம் நமக்கு அவ்வளவு பெறுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.